சிலையாக நிற்பவர் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள்

கேள்வி இது: அமெரிக்க உள்நாட்டுப் போரில் படை நடத்திய ஒரு வேதியியல் பேராசிரியர் தன் குடும்பத்துக்கு எழுதிய கடிதங்களை இன்று எதற்காகப் படிக்க வேண்டும்? போர் விவரம் ராணுவ அறிக்கைகளில் இருக்கிறது. வேதியியல் ஆய்வேடுகளில் இருக்கிறது. மனைவிக்கு எழுதியதில் புதிதாக என்ன கிடைத்துவிடும்?

கிடைக்கும். ஆனால் போரைத் தேடியும் வேதியியலைத் தேடியும் போனால் ஏமாற்றம்தான். அந்த மனிதர் எதற்கு ஏங்கினார், யார் முன்னால் நன்றாகத் தோன்ற விரும்பினார், எந்த இடத்தில் அவர் நிதானம் தவறக்கூடியவர் என்பதையெல்லாம் வேறெங்கும் தெரிந்துகொள்ள முடியாது. எனக்குப் பழக்கமான ஓர் ஆளை எடுத்துக்கொண்டு சொல்கிறேன்: மாசசூசெட்ஸ் மாநிலத்து ஆம்ஹர்ஸ்ட் ஊரில் வாழ்ந்த வில்லியம் ஸ்மித் கிளார்க். பேராசிரியராக இருந்து கர்னலாகி, மறுபடியும் பேராசிரியரானவர். ஜப்பானில் பள்ளிப்பிள்ளைகளுக்குக்கூட அவர் பெயர் தெரியும். சொந்த நாட்டில் பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது.

கிளார்க் பிறந்தது 1826-இல், ஆஷ்ஃபீல்ட் என்ற மலைக்கிராமத்தில். தந்தை கிராமத்து மருத்துவர். ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் 1848-இல் பட்டம் பெற்று, தான் படித்த வில்லிஸ்டன் பள்ளியிலேயே இரண்டு ஆண்டு வேதியியல் கற்பித்துவிட்டு, 1850-இல் ஜெர்மனிக்குக் கப்பல் ஏறினார். அன்றைக்கு அமெரிக்காவில் முனைவர் பட்டம் தரும் பல்கலைக்கழகம் ஒன்றுகூட இல்லை. யேல் பல்கலைக்கழகம் அதைத் தொடங்கியது 1861-இல்தான். வேதியியலை முறையாகக் கற்க விரும்பிய அமெரிக்க இளைஞனுக்கு ஜெர்மனிதான் கதி. கிளார்க் போய்ச் சேர்ந்த இடம் கோட்டிங்கன். அங்கே ஃப்ரீட்ரிக் வோலர் இருந்தார். 1828-இல் யூரியாவைச் செயற்கையாக உருவாக்கிக் காட்டியவர். விண்கற்களின் வேதியியலிலும் அவருக்கு ஆர்வம் உண்டு. கிளார்க்கின் ஆய்வும் உலோக விண்கற்களைப் பற்றியதே. 1852-இல் முனைவராகத் திரும்பினார்.

அவருடைய குடும்பக் கடிதங்களை மூன்று கட்டுகளாகப் பிரிக்கலாம்: கோட்டிங்கன், போர், ஜப்பான். முதலாவது அந்தக் கோட்டிங்கன் காலத்தியது. அயல்நாட்டில் படிக்கும் பிள்ளை வீட்டுக்கு எழுதும் கடிதத்துக்கு எந்த நாட்டிலும் ஒரு தனிச்சாயல் உண்டு. செலவான பணம் வீணாகவில்லை என்று நிரூபிக்கும் அவசரம் அதில் ஒளிந்திருக்கும். ஆகவே அதில் வரும் உழைப்பையும் சிக்கனத்தையும் நான் பாதி அளவுக்குத்தான் நம்புவேன். வேலைக்குச் சம்பந்தமில்லாமல் ஒருவருக்கு எது கண்ணில் பட்டது என்பதை முழுதாக நம்புவேன். கிளார்க்கின் அந்த ஐரோப்பிய நாள்களில் அப்படி ஒன்று நடந்தது. 1851-இல் லண்டன் கியூ தோட்டத்தில் அமேசானின் இராட்சத அல்லியைப் பார்த்தார். பிற்பாடு அவரைப் பாதி தாவரவியலாளராக ஆக்கிய ஈடுபாடு அங்கே தொடங்கியதாகச் சொல்வார்கள். விண்கல்லை உருக்கிப் பகுத்துப் பார்க்கப் போனவர் ஓர் இலையைக் கண்டு மயங்கித் திரும்பினார் என்பது, அவருடைய பிற்கால வாழ்க்கையைத் தெரிந்தவர்களுக்கு வியப்பாக இராது.

ஊர் திரும்பிய அடுத்த ஆண்டே திருமணம். மனைவி பெயர் ஹாரியட் கியோபுவோலானி ரிச்சர்ட்ஸ் வில்லிஸ்டன். இந்தப் பெயரைக் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும், ஏனென்றால் போர்க்காலக் கடிதங்களும் ஜப்பான் கடிதங்களும் இந்தப் பெண்ணின் கைக்கு வந்தவை. கியோபுவோலானி என்பது ஹவாய் அரசியின் பெயர். ஹாரியட்டின் தந்தை வில்லியம் ரிச்சர்ட்ஸ், ஹவாய்க்குப் போன அமெரிக்க மிஷனரி. ஹாரியட் பிறந்தது அங்கே. சிறுமியாக இருக்கும்போதே அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டு, பொத்தான் தயாரிப்பில் பெரும் செல்வம் சேர்த்த சாமுவேல் வில்லிஸ்டன் வீட்டில் வளர்ப்பு மகளானாள். அந்தக் காலத்து ஹவாய் மிஷனரிக் குடும்பங்களில் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே ஒரு கண்டமும் ஒரு கடலும் கிடந்தன. கடிதங்கள் தென் அமெரிக்காவின் முனையைச் சுற்றி மாதக்கணக்கில் போய்ச் சேர்ந்தன. தபாலுக்குக் காத்திருப்பது என்றால் என்னவென்று குழந்தைப் பருவத்திலேயே கற்ற ஒருத்திக்குத்தான் கிளார்க் எழுதினார். ஒரு கடிதத்தைப் படிக்கும்போது எழுதியவரை ஆராய்வதற்கு முன்னால் பெறுபவரை ஆராய வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். எதை விளக்காமல் விடலாம், எதைச் சொன்னால் அவர் தூக்கம் கெடும் என்பதெல்லாம் எழுதுபவருக்குத் தெரியும். நமக்குத் தெரியாது.

1861 ஏப்ரலில் போர் தொடங்கியது. ஆகஸ்டில் கிளார்க், 21-ஆவது மாசசூசெட்ஸ் காலாட்படைப் பிரிவில் மேஜராகச் சேர்ந்தார். வயது 35. வீட்டில் சிறு குழந்தைகள். வேதியியல் பேராசிரியரை வேதியியலுக்காகப் பயன்படுத்தும் எண்ணம் அன்றைய ராணுவத்துக்கு அவ்வளவாக இல்லை. குதிரையில் ஏற்றி முன்னால் அனுப்பிவிட்டார்கள். இத்தனைக்கும் அந்தப் போரில் வேதியியல் ஓர் உயிர்நாடிச் சிக்கலாகவே இருந்தது. துப்பாக்கி மருந்துக்கு வேண்டிய வெடியுப்பு அமெரிக்காவுக்குப் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து, குறிப்பாகக் கங்கைச் சமவெளியிலிருந்து, பிரிட்டிஷார் கை வழியாகப் போய்க்கொண்டிருந்தது. 1861 கடைசியில் லாமோட் டு பான்ட் என்ற வேதியியலாளர் லண்டனில் அதை மொத்தமாக வாங்கிக் குவிக்கப் பார்த்தபோது, இரு நாடுகளுக்கும் இடையே எழுந்த ஒரு கப்பல் தகராறைச் சாக்கிட்டு பிரிட்டன் ஏற்றுமதியை நிறுத்தி வைத்தது. வாஷிங்டன் இறங்கி வந்த பிறகே சரக்கு கிளம்பியது. கிளார்க்கின் ஆட்கள் சுட்ட மருந்தில் பிகார் மண்ணின் உப்பு கலந்திருக்க வாய்ப்பு அதிகம். இது விலகல்தான், ஆனாலும் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

போர்க்களத் தபாலைப் பற்றி ஒரு வார்த்தை. அரை அவுன்ஸ் கடிதத்துக்கு 3 சென்ட். அஞ்சல்தலை வாங்க வழியில்லாத சாதாரணச் சிப்பாய் தன் கடிதத்தின் மேல் அதிகாரியின் கையெழுத்தோடு ‘படைவீரர் கடிதம்’ என்று குறித்து அனுப்பலாம். பெறுபவர் காசு கட்டி வாங்கிக்கொள்வார். 1861 ஜூலையில் வந்த சட்டம் இது. கிளார்க் போன்ற அதிகாரிகளுக்கு அந்தச் சலுகை இல்லை. பின்னாளைய உலகப் போர்களில் இருந்தது போன்ற ஒழுங்கான கடிதத் தணிக்கையும் வடக்குப் படையில் இல்லை. ஆகவே இந்தக் கடிதங்களில் ஏதாவது மறைக்கப்பட்டிருந்தால், மறைத்த கை எழுதியவருடையதேதான். வரலாறு எழுதுபவருக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்பது, கறுப்பு மை பூசிய பிற்காலக் கடிதங்களோடு மல்லுக்கட்டியவர்களுக்குத் தெரியும்.

கிளார்க்கின் படைப்பிரிவு ஜெனரல் பர்ன்சைடின் கடற்கரைப் படையெடுப்போடு வட கரோலினாவுக்குப் போனது. 1862 பிப்ரவரி 8-இல் ரோனோக் தீவில் சண்டை. மார்ச் 14-இல் நியூபெர்ன். குடும்பக் கடிதம் எதற்கு என்று கேட்டவருக்கு என் முழுப் பதிலும் இந்த நியூபெர்னில் இருக்கிறது.

அன்று கிளார்க் எதிரியின் அரணைத் தாண்டிப் பாய்ந்து, ஒரு பித்தளை பீரங்கியின் மேல் ஏறி நின்று படையை முன்னே அழைத்தார் என்பது புகழ்பெற்ற காட்சி. அதே சண்டையில் அவருடைய படைப்பிரிவின் அட்ஜுடன்ட், அதாவது படைத்தலைவரின் உதவி அதிகாரி, ஃப்ரேசர் ஸ்டெர்ன்ஸ் என்ற 21 வயது இளைஞன், மார்பில் குண்டு பட்டு இறந்தான். அவன் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் கிளார்க்கின் வேதியியல் மாணவன். கல்லூரித் தலைவர் வில்லியம் ஸ்டெர்ன்ஸின் மகன். பேராசிரியர் போருக்குப் போகிறார் என்றதும் பின்தொடர்ந்தவன்.

இந்த ஒரு மரணம் எத்தனை விதமான தாள்களில் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். முதலாவது, படைத்தலைமைக்குப் போன அதிகாரபூர்வ அறிக்கை. அங்கே ஸ்டெர்ன்ஸ் வீரமாக விழுந்த ஓர் அதிகாரி. அறிக்கையின் வேலை படை எங்கே நின்றது, எப்போது முன்னேறியது, எத்தனை பேர் போனார்கள் என்று சொல்வது. இரண்டாவது, மகனை இழந்த தந்தை அதே ஆண்டு வெளியிட்ட நினைவுப் புத்தகம். மகனின் கடிதங்களை அதில் சேர்த்தார், ஆனால் போதகரும் கல்லூரித் தலைவருமான ஒருவர், இளைஞர்களுக்கு முன்மாதிரியாக நிறுத்த விரும்பிய மகனைத்தான் அதில் காண்கிறோம். அவரைக் குறை சொல்லவில்லை. துயரத்துக்கு ஏதாவது பயன் இருக்க வேண்டும் என்று தவிக்கும் ஒரு தந்தை செய்யக்கூடியது அது. ஆயினும் அப்படித் தொகுத்த கடிதங்களை மூலக் கடிதங்கள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

மூன்றாவது பதிவு, ராணுவத்துக்குத் தொடர்பே இல்லாத ஒரு குடும்பக் கடிதம். ஆம்ஹர்ஸ்டில் வீட்டை விட்டு அதிகம் வெளியே வராத ஒரு பெண் தன் சித்தி மகள்கள் இருவருக்கு எழுதியது. அவர் பெயர் எமிலி டிக்கின்சன், பிற்காலத்தில் புகழ்பெற்ற கவிஞர். ஃப்ரேசர் அவருடைய அண்ணன் ஆஸ்டினுக்கு நெருங்கியவன். சிப்பாய் ஒருவனின் கைகளில் பத்து நிமிடம் உயிரோடு இருந்தான், இரண்டு முறை தண்ணீர் கேட்டான், கடவுளை ஒரு முறை அழைத்துவிட்டு அடங்கினான் என்று எழுதுகிறார். வகுப்புத் தோழன் ஒருவன் இரவோடு இரவாகப் பலகைகளை அடித்துப் பெட்டி செய்து, ஆறு மைல் படகில் துடுப்புப் போட்டு உடலைக் கப்பலுக்குக் கொண்டு சேர்த்தான் என்கிறார். கிளார்க்கைப் பற்றியும் அதில் ஒரு வரி உண்டு. தன் செல்லப்பிள்ளையைக் காணாதபோது கர்னல் கிளார்க் சிறு குழந்தை போல அழுதாராம். பணிக்குத் திரும்புவதே அவருக்குப் பெரும்பாடாக இருந்ததாம்.

பீரங்கி மேல் ஏறி நின்றவரும் இப்படி அழுதவரும் ஒரே நாளில் ஒரே ஆள். முதல் காட்சி செய்தியாயிற்று. இரண்டாவது ஊர்ப்பேச்சாக மட்டும் உலவி, ஒரு பெண் இன்னும் இரு பெண்களுக்கு எழுதிய தாளில் தங்கியதால் நமக்குக் கிடைத்தது. டிக்கின்சன் நேரில் பார்த்தவர் அல்லர்; ‘சொல்கிறார்கள்’ என்று கவனமாகவே எழுதுகிறார். அவர் கிளார்க்கைக் கர்னல் என்று அழைப்பதைக்கூட கவனிக்கலாம்: அப்போது கிளார்க் லெப்டினன்ட் கர்னல்தான், முழுக் கர்னலானது மே மாதம். ஊரார் வாயில் பதவி முன்கூட்டியே உயர்ந்துவிட்டிருந்தது. நகைச்சுவையாகத் தோன்றினாலும், ஊர் அவரை எவ்வளவு உயரத்தில் வைத்திருந்தது என்பதற்கு இதுவும் ஒரு சான்று. கைப்பற்றிய அந்தப் பீரங்கியை பர்ன்சைட் ஃப்ரேசரின் நினைவாக ஆம்ஹர்ஸ்ட் கல்லூரிக்கே கொடுத்துவிட்டார்.

அதே ஆண்டு செப்டம்பர் 1-ஆம் தேதி வர்ஜீனியாவில் சாண்டிலி. இடியும் மழையுமாக மாலை இருட்டிக்கொண்டு வந்த நேரத்தில் காட்டுக்குள் நடந்த சண்டை. 21-ஆவது பிரிவுக்குப் பேரிழப்பு. கிளார்க் சூழப்பட்டார், சரணடைய மறுத்துத் தப்பினார், காட்டில் வழி தவறி நாள்கணக்கில் அலைந்தார். இதற்குள் மாசசூசெட்ஸ் பத்திரிகைகளில் அவர் இறந்த செய்தி வந்துவிட்டது. ‘இன்னொரு வீரர் மறைந்தார்’ என்று தலைப்பிட்டு இரங்கல் குறிப்பே எழுதிவிட்டார்கள். பிறகு ஆள் வந்து சேர்ந்தார்.

இங்கேதான் கடிதத்தைத் தேதியோடு படிக்க வேண்டிய கட்டாயம் வருகிறது. சண்டைக்கு முன்பு எழுதிய கடிதம், இறந்த செய்தி வந்த பிறகு வீட்டு வாசலுக்கு வரலாம். உயிரோடு இருக்கிறேன் என்று எழுதியது, இரங்கல் சொல்ல உறவினர்கள் வந்து போன பின் வரலாம். ஹாரியட் அந்த நாள்களில் எந்தத் தாளை எந்த வரிசையில் கையில் வாங்கினார் என்பதே அவருடைய போர். எழுதிய தேதியை மட்டும் வைத்துக் கடிதங்களை அடுக்கிப் படிப்பவர்கள் எழுதியவருடைய கதையை மட்டும் படிக்கிறார்கள். தபால் முத்திரையையும், உறையின் பின்புறம் வீட்டார் கிறுக்கி வைத்ததையும் பார்த்தால் வாசித்தவளின் கதையும் தெரியவரும். இன்னொரு குறைபாட்டையும் நினைவில் வைக்க வேண்டும். போர்க்களத்திலிருந்து வீட்டுக்கு வந்த கடிதங்கள் பெட்டியில் பத்திரமாக இருக்கும். வீட்டிலிருந்து போர்க்களத்துக்குப் போனவை முதுகுப்பையில் நனைந்தோ, அணிவகுப்புக்கு இடையில் எரிக்கப்பட்டோ காணாமல் போயிருக்கும். உள்நாட்டுப் போர்த் தொகுப்புகளில் பெரும்பாலும் இதுதான் நிலைமை. பெண்களின் பாதியை, ஆண்கள் எழுதிய பதில்களிலிருந்து ஊகிக்க வேண்டியிருக்கிறது.

ஆன்டீட்டம், ஃப்ரெடெரிக்ஸ்பர்க் என்று அடுத்தடுத்த சண்டைகளாக அந்த ஆண்டு இழுத்துக்கொண்டு போனது. ஃப்ரெடெரிக்ஸ்பர்க்கில் இப்பிரிவின் கொடியை ஏந்திய தாமஸ் பிளங்கெட் என்ற சார்ஜென்ட் இரண்டு கைகளையும் இழந்தார். போர்க்களச் செவிலி கிளாரா பார்ட்டன் அவரைப் பராமரித்தது அமெரிக்கப் பாடப்புத்தகங்களில் வருகிறது. ஆயிரம் பேர் அளவில் கிளம்பிய படைப்பிரிவு உருத்தெரியாமல் தேய்ந்தது. எதிர்பார்த்த பிரிகேடியர் ஜெனரல் பதவி கிளார்க்குக்குக் கிடைக்கவில்லை. 1863 ஏப்ரலில் விலகி, வேதியியல் வகுப்புக்குத் திரும்பினார்.

அதற்குப் பின் வந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். மாநிலச் சட்டமன்றத்தில் உட்கார்ந்து, மாசசூசெட்ஸ் விவசாயக் கல்லூரியை ஆம்ஹர்ஸ்டுக்குக் கொண்டு வந்தார். 1867-இல் அதன் தலைவரானார். கோட்டிங்கனில் வோலரின் ஆய்வகத்தில் பழகிய சார்லஸ் கோஸ்மன் என்ற ஜெர்மானியரை வேதியியல் பேராசிரியராக அழைத்துக்கொண்டார். இளமைக்கால நட்பு ஒரு கல்லூரியின் அஸ்திவாரமாயிற்று. வளரும் பூசணிக்காய் ஒன்றின் மேல் இரும்புச் சட்டம் பூட்டி எடையை ஏற்றிக்கொண்டே போய், கிட்டத்தட்ட 5,000 பவுண்ட் சுமையையும் அது தூக்கியது என்று காட்டினார். ஊரே வேடிக்கை பார்க்க வந்த சோதனை அது. கிளார்க் செய்த எதிலும் கொஞ்சம் கூட்டம் கூடும்.

1876-இல் ஜப்பான் அரசு அவரை ஓராண்டு ஒப்பந்தத்தில் அழைத்தது. ஹொக்கைடோ தீவில், சப்போரோவில், ஒரு விவசாயக் கல்லூரி தொடங்க வேண்டும். தன் மாணவர்களான வில்லியம் வீலர், டேவிட் பென்ஹாலோ இருவரையும் கூட்டிக்கொண்டு போனார். ஜூலை கடைசியில் சப்போரோ சேர்ந்தார். கல்லூரி ஆகஸ்ட் 14-இல் திறந்தது. அடுத்த ஏப்ரல் 16-இல் விடைபெற்றார். மொத்தம் எட்டரை மாதம். இந்தக் காலத்தில் மனைவிக்கு எழுதியவைதான் மூன்று கட்டுகளிலும் மிகச் சுவையானவை என்பது என் கருத்து. போர்க்காலக் கடிதங்களுக்குத்தான் வாசகர் அதிகம், இருக்கட்டும்.

கடிதம் சப்போரோவிலிருந்து யோகோஹாமா வந்து, பசிபிக் நீராவிக் கப்பலில் சான் பிரான்சிஸ்கோ போய், ரயிலில் கண்டத்தைக் கடந்து ஆம்ஹர்ஸ்ட் சேர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். பதில் வர இன்னொரு மாதம். இப்படிப்பட்ட தூரத்தில் எழுதும் ஆள் உரையாடுவதில்லை, தனக்குத்தானே பேசத் தொடங்கிவிடுகிறார். கிளார்க் அப்படித்தான் பேசுகிறார். ஹொக்கைடோ வளர்ச்சித் துறையின் தலைவர் குரோடா கியோடக்கா, பின்னாளில் ஜப்பானின் பிரதமரானவர். அவர் எதற்கெடுத்தாலும் தன்னைக் கலந்தாலோசிக்கிறார், எப்போதும் தன் யோசனைப்படியே நடக்கிறார் என்று கிளார்க் மனைவிக்கு எழுதுகிறார். தன் மேல் வைக்கப்படும் நம்பிக்கையையும், நாள்தோறும் தான் தலைமேல் ஏற்றிக்கொள்ளும் பொறுப்புகளையும் நினைத்தால் நடுக்கமாக இருக்கிறது என்றும் எழுதுகிறார். பெருமையும் அச்சமும் ஒரே மூச்சில் வருகின்றன.

சொல்லப்போனால் குரோடா எல்லாவற்றுக்கும் தலையாட்டியவர் இல்லை. சப்போரோவுக்குப் போகும் கப்பலிலேயே இருவருக்கும் தகராறு. ஒழுக்கம் கற்பிக்க வேண்டும் என்றார் குரோடா. பைபிள் இல்லாமல் என்னால் முடியாது என்றார் கிளார்க். கிறிஸ்தவத் தடைப் பலகைகளை ஜப்பான் அகற்றி மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்த நேரம். அரசுக் கல்லூரியில் இது சாதாரண விஷயம் இல்லை. கடைசியில் குரோடா கண்டும் காணாமல் விட்டுவிட்டார். 1877 மார்ச்சில் கிளார்க் எழுதிய ‘இயேசுவை விசுவாசிப்போர் உடன்படிக்கை’யில் மாணவர்கள் கையெழுத்திட்டார்கள். அவர் போன பிறகு வந்த இரண்டாம் வகுப்பில்தான் உச்சிமுரா கான்சோவும் நிடோபே இனாசோவும் இருந்தார்கள். பிற்கால ஜப்பானியச் சிந்தனையில் பெரிய பெயர்கள் இவை. கிளார்க்கிடம் ஒரு வகுப்புகூடப் படிக்காமலே அந்த உடன்படிக்கையில் கையெழுத்திட்டவர்கள்.

கல்லூரிக்கு நீளமான ஒழுங்குமுறைப் பட்டியல் தயாரித்துக் காட்டியபோது, ‘கண்ணியமானவர்களாக இருங்கள்’ என்ற ஒரு விதி போதும் என்று கிளார்க் அதை ஒதுக்கியதாகச் சொல்வார்கள். பனிக்காலத்தில் தெய்னே மலையில் மாணவர்களோடு ஏறும்போது, மரத்தின் உயரத்தில் ஒரு பாசிப்பூஞ்சை தென்பட்டது. கர்னல் பனியில் மண்டியிட்டுக் குனிந்து, ‘பூட்ஸோடு என் முதுகில் ஏறிப் பறி’ என்றாராம். ஆசிரியர் முதுகில் கால் வைப்பதா என்று நடுங்கிய ஒரு சாமுராய் வீட்டுப் பையன் ஏறிப் பறித்தான். ஆம்ஹர்ஸ்டின் தாவரவியலாளர் எட்வர்ட் டக்கர்மன் அந்த இனத்துக்கு கிளார்க்கின் பெயரையே வைத்தார்.

இப்போது அந்தப் புகழ்பெற்ற வாக்கியத்துக்கு வருவோம். ஷிமமட்சு என்ற இடத்தில் விடைபெறும்போது குதிரை மேலிருந்து, ‘இளைஞர்களே, உயர்ந்த நோக்கம் கொள்ளுங்கள்’ என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போனார் என்பது ஜப்பான் முழுக்க அறிந்த செய்தி. இது பரவியது மாணவர்களின் நினைவு வழியாக, பல ஆண்டுகள் கழித்து. பணத்துக்காக வேண்டாம், புகழுக்காக வேண்டாம் என்று நீளும் வால் பகுதி அதற்கும் பிற்பாடு ஒட்டியது. வாக்கியத்தை அவர் சொன்னார் என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கும் கிளார்க்குக்குச் சந்தேகமே கிடையாது. மனைவிக்கு எழுதும் கிளார்க் நடுங்குகிறார். சப்போரோவில் 1926-இல் அவருக்கு மார்பளவுச் சிலை வைத்தார்கள். உலகப் போரின்போது உலோகத்துக்காக அதை உருக்கிவிட்டார்கள். 1948-இல் மறுபடி வார்த்தார்கள். ஹிட்சுஜிகவோகா குன்றில் கையை நீட்டிக்கொண்டு நிற்கும் முழுச்சிலை 1976-இல் வந்தது. இதில் எதுவும் அந்த நடுக்கத்தைத் தெரிந்து வைத்த சிலை இல்லை.

அந்த நடுக்கத்தைத் தெரிந்துகொள்வது ஏன் முக்கியம் என்றால், அதன் பிறகு நடந்தது அதனால்தான் புரிகிறது. ஊர் திரும்பியவருக்கு ஆம்ஹர்ஸ்ட் சிறியதாகிவிட்டது. விவசாயக் கல்லூரி கடனில் தத்தளித்தது, விமர்சனம் வலுத்தது. 1879-இல் பதவியை விட்டார். மாணவர்களைக் கப்பலில் ஏற்றி உலகம் சுற்றிக்காட்டும் மிதக்கும் கல்லூரித் திட்டம் ஒன்றில் இறங்கினார். அதை முன்னின்று நடத்தியவர் இறந்துவிட, கப்பல் கிளம்பவில்லை. 1881-இல் ஜான் பாத்வெல் என்பவரோடு கூட்டுச் சேர்ந்து நியூயார்க்கில் சுரங்க நிறுவனம் தொடங்கினார். மேற்கு மாநிலங்களிலும் மெக்சிகோவிலும் வெள்ளிச் சுரங்கங்கள். பங்குகளை வாங்கியவர்களில் ஆம்ஹர்ஸ்ட் நண்பர்களும் உறவினர்களும் பலர். கர்னல் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை. 1882-இல் எல்லாம் சரிந்தது. கூட்டாளி ஓடிவிட்டார். கிளார்க் உடைந்துபோய், நான்கு ஆண்டு நோயில் கிடந்து, 1886 மார்ச் 9-இல் இறந்தார்.

வாழ்க்கை வரலாறுகளில் இந்தச் சுரங்க விவகாரம் ஒரு தற்செயலான கறை போல வந்து போகிறது. கடிதங்களைப் படித்தவருக்கு அப்படித் தோன்றாது. மற்றவர்கள் தன்னை முழுதாக நம்புவதில் இந்த மனிதருக்குக் கிடைத்த இன்பம், வேறெதிலும் கிடைக்கவில்லை. ஃப்ரேசர் அவரை நம்பி வந்தான், குரோடா நம்பினார், சப்போரோ மாணவர்கள் நம்பினார்கள், கடைசியில் பக்கத்து வீட்டுக்காரர்கள் தங்கள் சேமிப்போடு நம்பினார்கள். 1862-இல் அந்த நம்பிக்கையின் விலையைக் கண்டு அழுதார், சப்போரோவில் நடுங்கினார், நியூயார்க்கில் நடுங்கியதாகத் தெரியவில்லை. பாத்வெல் ஏமாற்றினாரா, கிளார்க்கே ஏமாந்தாரா என்ற வழக்கமான விவாதம் எனக்கு இரண்டாம்பட்சம். ஏமாறுவதற்குத் தோதான இடம் அவருக்குள் எங்கே இருந்தது என்பதை மனைவிக்கு எழுதிய இரண்டு வரிகள் ஐந்தாண்டுகளுக்கு முன்பே காட்டிவிட்டன. எந்த ராணுவ அறிக்கையிலும் எந்த ஆய்வேட்டிலும் அது இல்லை.

கிளார்க்கின் தாள்கள் பெரும்பாலும் மாசசூசெட்ஸ் ஆம்ஹர்ஸ்ட் பல்கலைக்கழக நூலகத்தின் சிறப்புச் சேகரிப்பில் இருக்கின்றன; அவர் தலைமை வகித்த விவசாயக் கல்லூரிதான் பிறகு அந்தப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. சப்போரோ கல்லூரி ஹொக்கைடோ பல்கலைக்கழகமாகியிருக்கிறது. அங்கும் அவரைப் பற்றிய ஆவணங்கள் உண்டு. படிக்க முனைபவர்கள் காலவரிசையில் தொடங்க வேண்டாம் என்பேன். கோட்டிங்கன் மாணவன் யாருக்கும் முதலில் சலிப்பூட்டுவான். முதலில் சப்போரோக் கடிதங்கள், பிறகு 1862. நியூபெர்னுக்கு வரும்போது அதிகாரபூர்வ அறிக்கையை ஒரு பக்கமும் டிக்கின்சனின் கடிதத்தை மறுபக்கமும் விரித்து வைத்துக்கொள்ளுங்கள். கோட்டிங்கனைக் கடைசிக்கு விடலாம். அதற்குள் அந்த மாணவன் பெற்றோரிடம் எதை நிரூபிக்கத் துடிக்கிறான் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.